கிளாக்கர் வீட்டுக் கம்ப்யூட்டரும் மாமா விட்ட நாலு கோலும்

முந்தாநாள் நம்ம குரூப்பில் கிளாக்கர் மகன் ஒரு கேள்வி போட்டிருந்தான். "எங்க வீட்டு கம்ப்யூட்டர்ல ஃபுட்போல் கேம் ஒண்ணு வெளாடுவோமே, யாருக்காவது ஞாபகம் இருக்கா?" என்று. அதற்குக் கீழே நீங்கள் எல்லோரும் ஆளுக்கொரு சிரிக்கிற பொம்மையைப் போட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். ஞாபகம் இருக்காவாம்! மறந்தால்தானே ஞாபகம் வருவதற்கு. நமக்கெல்லாம் நாற்பது எட்டிப் பார்க்கிறது. உங்களில் இரண்டு பேருக்குச் சீனி வருத்தம், ஒருத்திக்கு முழங்கால் மடங்குவதில்லை, எனக்குக் கண்ணாடி இல்லாமல் மருந்துச் சீட்டு வாசிக்க முடியாது. ஆனால் அந்தத் திரையில் ஓடிய எழுத்து மட்டும் இன்னும் கண்ணுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. பொம்மை போட்டு முடிக்கிற விஷயமா இது? அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பொறுமையாக வாசியுங்கள். வேலை இருக்கிறது என்று பாதியில் ஓடாதீர்கள், நீங்கள் ஓடுகிற ஆட்கள் என்று எனக்குத் தெரியும்.

தோட்டத்து ஆபீஸில் எழுத்து வேலை பார்த்த பெரிய கிளாக்கர், கொழும்பில் ஏதோ ஆபீஸில் கழித்துவிட்ட கம்ப்யூட்டரை மகன் படிப்புக்கென்று வாங்கினார். கொழுந்து லொறியில், மெத்தைக்குள் சுற்றி, பச்சைப் பிள்ளையைப் போல மடியில் வைத்துக்கொண்டு நிவித்திகலையிலிருந்து மேலே ஏறி வந்தார். வரிசை வீட்டு லயத்தில் பாதிப் பேர் ரோட்டுக்கு வந்து நின்று பார்த்தோம். கிளாக்கரம்மா அதற்கு ஆலாத்தி எடுத்து, திரைக்கு மேலே சந்தனமும் குங்குமமும் வைத்த பிறகுதான் ஹோலுக்குள் விட்டார். படிப்புக்கென்று வந்த பெட்டியில் எவ்வளவு படிப்பு நடந்தது என்பதைக் கிளாக்கர் மகனே குரூப்பில் சொல்லட்டும்.

அந்த ஃபுட்போல் கேம் சீடியைக் கிளாக்கர் மகன் இரத்தினபுரி பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துக் கடையில் கார் ரேஸ் என்று கேட்டுத்தான் வாங்கினான். வீட்டுக்கு வந்து போட்டால் காரும் இல்லை, ரேஸும் இல்லை. பந்து விளையாட்டு என்று பேர் வைத்துவிட்டு ஒரு பந்தைக்கூடக் கண்ணில் காட்டாத கேம் அது. வெறும் பேர்களும் நம்பர்களும். நாம்தான் டீமுக்கு மேனேஜர். யாரை ஆட விடுவது, யாரை உட்கார வைப்பது என்று தீர்மானிப்பது மட்டும் நம் வேலை. ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் ஓட்டத்துக்கு இருபதுக்கு இத்தனை, அடிக்கு இருபதுக்கு இத்தனை என்று மார்க் இருக்கும். மட்ச் தொடங்கினால் திரைக்குக் கீழே ஒரு பட்டையில் இங்கிலீஷில் ஒவ்வொரு வரியாக வரும். அடித்தான், தடுத்தான், வெளியே போனது. அவ்வளவுதான்.

அந்த இங்கிலீஷ்தான் எனக்குக் கிளாக்கர் வீட்டுக் கதவைத் திறந்துவிட்டது. கிளாக்கர் மகன் டவுன் ஸ்கூலில் படித்தான், சப்பாத்து மாட்டிக்கொண்டு வேனில் போனான், இங்கிலீஷ் மட்டும் ஏறவில்லை. (கோபப்படாதே தம்பி, தோட்டத்துக்கே தெரிந்த விஷயம்.) நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்காரி, பதின்மூன்று வயது. எங்கள் டீச்சர் ஒருவர் மாற்றலாகிப் போகும்போது என்னிடம் கொடுத்துவிட்டுப் போன டிக்‌ஷனரியை முதலிலிருந்து கடைசிவரை இரண்டு தடவை வாசித்திருந்தேன். லயத்துக் காம்பராவில் வாசிக்க வேறு என்ன இருந்தது?

ஆக, நான் உள்ளே, நீங்கள் ஐந்து பேரும் ஜன்னலுக்கு வெளியே. "மழக்காலம், எல்லாத்தையும் உள்ள விட்டா ஹோல் பூரா அட்ட ஊரும்" என்று கிளாக்கரம்மா சட்டம் போட்டிருந்தார். எனக்கே வாசலில் காலைத் தூக்கிக் காட்டி, விரலிடுக்கெல்லாம் பார்த்து, சவர்க்காரம் போட்டுக் கழுவின பிறகுதான் அனுமதி. அந்த ஹோலில் ரெட் ஒக்ஸைட் போட்ட தரை ஜில்லென்று இருக்கும். கம்ப்யூட்டர் சூடானால் ஒரு வாசம் வரும், அயர்ன் பண்ணின யூனிஃபோர்ம் வாசம் மாதிரி. நான் திரையில் வருகிற வரியை வாசித்துத் தமிழில் கத்துவேன். நீங்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே குதிப்பீர்கள். பந்தை யாரும் பார்க்கவில்லை. ஆனால் மட்ச் பார்த்தோம், இல்லையா?

பார்த்தது என்ன கண்றாவி மட்ச்! உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நம்ம செண்டர், பதினெட்டு மார்க் உள்ளவன், தனியாகப் பந்தைக் கொண்டுபோவான். முன்னால் கீப்பர் ஒருத்தன் மட்டும். அடிப்பான். கீப்பர் பிடிப்பான். திரும்பப் போவான், அடிப்பான், கம்பத்தில் படும். இருபத்திரண்டு தடவை அடித்து ஒரு கோலும் வராது. எதிராளி கடைசி நிமிஷத்தில் ஒரே ஒரு தடவை வந்து சும்மா காலால் தட்டுவான், நம்ம கீப்பர் அதைப் பார்த்துக்கொண்டே நிற்பான், கோல். கிளாக்கர் மகன் கீபோர்டைக் குத்துவான். உள்ளேயிருந்து கிளாக்கரம்மா, "அத ஒடச்சின்னா ஒன்னய ஒடச்சிருவேன்!" என்பார். "இந்தக் கீப்பருக்குக் கண்ணு குருடா?" என்று ஜன்னலிலிருந்து ஒருத்தி அழுதே விட்டாள். யார் என்று சொல்லமாட்டேன், அவளுக்கே தெரியும். ஒரே மட்ச்சைத் திரும்ப ஓட்டினால் வேற மாதிரி முடியும். தோற்றால் சேவ் பண்ணாமல் வெளியே வந்து, திரும்ப உள்ளே போய், வெல்லும்வரைக்கும் ஆடுவோம். இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சீடிக்குள்ளேயே பேர் மாற்றுகிற இன்னொரு வழி இருப்பதை நான்தான் கண்டுபிடித்தேன். ஏதோ ஒரு வெள்ளைக்கார டீமின் பேர்களை அழித்துவிட்டு நம்ம தோட்டத்து டீமையே உள்ளே போட்டோம். செண்டராக டிரைவரண்ணனைப் போட்டு, அடிக்கு இருபது கொடுத்தோம். கேமில் அவர் அடித்ததெல்லாம் வெளியே போனது. நிஜத்திலும் டிரைவரண்ணன் அப்படித்தான், நம்ம சரிவு கிரவுண்டில் அவர் அடித்த பந்து கோலுக்குப் போனதைவிடத் தேயிலைக்குள் போனதுதான் அதிகம். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் கேமைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கோலில் மாமாவைப் போட்டோம். என் அம்மாவின் தம்பி. கீழ் டிவிஷனில் ரப்பர் பால் வெட்டுகிற வேலை. குள்ளம், கழுத்து கிடையாது, குரல் மட்டும் எட்டு ஊருக்குக் கேட்கும். எட்டு வருஷமாகத் தோட்டத்துக் கீப்பர் அவர்தான். மட்ச் அன்றைக்குக் காலையில் ஒரு சிரட்டையில் கொஞ்சம் ரப்பர் பாலை வைத்துக்கொண்டு, இரண்டு உள்ளங்கையிலும் தடவி, வெயிலில் கையை விரித்துக் காயவிடுவார். காய்ந்தால் கை ஒட்டும், ஈரப் பந்து வழுக்காது. கிளவுஸ் எல்லாம் அவருக்கு வேண்டாம். மட்ச் முடிந்த பிறகு அந்தத் தோலை உரிக்க நாம் அடித்துக்கொள்வோம், அது வெங்காயத் தோல் மாதிரி ரேகையெல்லாம் பதிந்து வரும், நாற்றம் குமட்டும். மாமா, "ஒருத்தருக்கு ஒரு வெரலு! அடிச்சுக்காதீங்கடி!" என்று கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கேமில் கீப்பருக்குப் பதினைந்து வகை மார்க் இருந்தது, பால் தடவிய கைக்கு ஒரு கட்டம் இல்லை. போனால் போகிறது என்று நான் மாமாவுக்கு எல்லாக் கட்டத்திலும் இருபது போட்டேன். என் மாமா, என் இஷ்டம்.

அந்த வருஷம்தான் நம்ம டீம் தோட்டங்களுக்கான கம்பெனிக் கப்பில் ஃபைனலுக்கு வந்தது. எதிர்த்தரப்பு பலாங்கொடைப் பக்கத்துத் தோட்டம். கப் பெரிய விஷயமில்லை. கம்பெனியின் கொழும்பு டீமுக்கு ஒரு கீப்பர் தேவைப்பட்டது. ஃபைனலைப் பார்க்கக் கம்பெனி ஆட்கள் வருவார்கள், ஆடுகிற இரண்டு கீப்பரில் ஒருத்தரை எடுப்பார்கள், எடுக்கிறவருக்குக் கொழும்பு ஸ்டோரில் வேலையும் குடியிருக்க ஒரு வீடும் உண்டு என்று தோட்டத்துத் துரை, காலையில் ஆள் கணக்கெடுக்கிற பிரட்டுக்களத்தில் வைத்தே சொல்லிவிட்டார். மாமாவுக்கு அப்போது கல்யாணமாகி ஒரு வருஷம். அத்தை பிள்ளைத்தாய்ச்சி. "எம் புள்ள லயத்துல பொறக்காது" என்று அத்தை பீலித் தண்ணீரில் குளிக்கிற இடத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். டவுனுக்குப் போய் ஒரு சிவப்பு சூட்கேஸ்கூட வாங்கி வந்து, கட்டிலுக்குக் கீழே வைக்காமல் மேலேயே வைத்திருந்தார். வருகிறவர்கள் பார்க்கட்டும் என்றுதான்.

ஆனால் ஒரு சிக்கல். செமி ஃபைனலில் மூடுபனியில் மாமா ஒரு லேசான பந்தை விட்டுவிட்டார். வென்றோம், இருந்தாலும் பேச்சு கிளம்பிவிட்டது. நம்ம டீமுக்கு இன்னொரு கீப்பர் இருந்தார் அல்லவா, தேயிலை பெக்டரியில் வேலை செய்த அண்ணன். இருபது வயது, நெட்டை, கையை நீட்டினால் கம்பம் எட்டும். மேல் டிவிஷன் முழுக்க பெக்டரி அண்ணன் பக்கம், கீழ் டிவிஷன் முழுக்க மாமா பக்கம். யாரை விடுவது என்று தீர்மானிக்க வேண்டியவர் கணக்கப்பிள்ளை. மலையில் கொழுந்து எடுக்கிற ஆட்களை விரட்டி மேய்க்கிற மனுஷன், இந்த ஒரு விஷயத்தில் இரண்டு டிவிஷனுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தார். யாரைச் சொன்னாலும் சண்டை.

அப்போதுதான் அவருக்கு நம்ம பெட்டியைப் பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

அதற்கு முந்தின மாதம்தான் இரத்தினபுரி டவுனில் கம்ப்யூட்டர் ஜாதகம் என்று போர்டு போட்ட கடையில் அவர் மகளுக்குப் பொருத்தம் பார்த்திருந்தார். இரண்டு பக்கமும் ஓட்டை ஓட்டையாக இருக்கிற நீளக் கடதாசியில் அடித்துக் கொடுத்தார்களாம். எல்லாம் சொன்னபடியே நடந்து கல்யாணமும் முடிந்துவிட்டது. அன்றிலிருந்து அவருக்குக் கம்ப்யூட்டர் என்றால் சாமிக்குச் சமம். பௌர்ணமிப் போயா லீவு அன்று பகல், வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கிளாக்கர் வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றினார். திரைக்கு முன்னால் வந்து, குங்குமப் பொட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நீங்கள் ஜன்னலில் சிரித்தீர்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை, பெருமையாக இருந்தது.

"என்னா பாப்பா, இதுல ஆளு பேரப் போட்டா சொல்லிருமாமே?"

"ஆமாங்க, சொல்லும்."

"பொறந்த தேதி கேக்குமா?"

"கேக்குங்க. தேதி, பொறந்த ஊரு, ஒசரம், நெற எல்லாம் கேக்கும்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா! டவுன்காரனும் இதத்தான் கேட்டான். நட்சத்திரம் எங்க போடுறது?"

"நட்சத்திரம் கேக்கலீங்க."

"கேக்காட்டி அதுவே கண்டுபுடிச்சுக்கும்போல," என்றார். இரண்டு பேரின் பிறந்த தேதியையும் ஒரு கடதாசித் துண்டில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். நான் அவர் பார்க்க, ஒரு எழுத்து பிசகாமல் அடித்தேன். பெக்டரி அண்ணனுக்கு எல்லாவற்றிலும் பன்னிரண்டு, பதின்மூன்று என்று போட்டேன். மாமாவின் இருபது அப்படியே இருந்தது. பலாங்கொடைப் பக்கத்து டீமுக்கு எல்லோருக்கும் பத்து, எதிரிதானே. மாமா எப்படியும் தேறிவிடுவார் என்று எனக்கு நிச்சயமாக இருந்தது.

முதலில் மாமாவைக் கோலில் விட்டு ஓட்டினோம். நான் வாசித்தேன். தனியாக வந்தான், அடித்தான், கோல். தனியாக வந்தான், அடித்தான், கோல். வாசிக்க வாசிக்க என் குரல் இறங்கியது. நாலு கோல். பத்து மார்க் வாங்கின பயல்கள் இருபது மார்க் கீப்பருக்கு நாலு கோல் போட்டார்கள்! அப்புறம் பெக்டரி அண்ணனை விட்டு ஓட்டினோம். அவர் ஒன்றும் விடவில்லை. ஒன்றுக்கு சைபர், நாம் வென்றோம்.

கணக்கப்பிள்ளை இரண்டு முடிவையும் அந்தக் கடதாசியில் எழுதிக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "இது சரியாத்தான் சொல்லுதா டீச்சர்?" என்றார்.

டீச்சர்! பதின்மூன்று வயதில், கொழுந்து எடுக்கிறவள் மகளை, கணக்கப்பிள்ளை டீச்சர் என்று கூப்பிட்டார். இந்தப் பெட்டியில் கீப்பர் பிடிப்பதும் விடுவதும் ஒரு கணக்குக்கும் அடங்காது என்பதற்காகத்தான் ஒவ்வொரு நாளும் நாம் கத்திக்கொண்டிருந்தோம். கீபோர்டு அடிவாங்கியது எல்லாம் அதற்குத்தான். உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் வாயைத் திறந்து, "சரியாத்தான் சொல்லுதுங்க," என்றேன்.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். கிளாக்கர் மகன் மாமாவை வைத்து அதே மட்ச்சைத் திரும்ப ஓட்டினான். மாமா பதினொரு பந்து பிடித்தார், ஒன்றுகூட விடவில்லை. பெக்டரி அண்ணனை வைத்து ஓட்டினான். ஐந்து கோல். ஜன்னலிலிருந்து உங்களில் ஒருத்தி கேட்டாள், "ஏய், கணக்கப்பிள்ள இன்னும் வளைவு தாண்டலடி, கூப்புடவா?"

"வேணாம்," என்றேன்.

அந்த வார்த்தையைச் சொன்னது நான்தான். உங்களில் யாரும் இல்லை. இது வெறும் சூதாட்டம் என்று சொல்லியிருந்தால் அவர் என்னைத் திரும்பவும் பாப்பா என்றுதான் கூப்பிட்டிருப்பார், கிளாக்கரம்மா மறுநாள் எனக்காகக் கதவைத் திறந்திருக்கமாட்டார். அதற்காகச் சொந்த மாமாவை விற்றேன். பெரிய வார்த்தை என்று நினைக்கிறீர்களா? வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

சாயந்தரம் பீலியில் மாமா பால் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தார். செய்தி எனக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. என்னைக் கண்டதும் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் ஏதோ வைத்தியரிடம் கேட்கிற மாதிரிக் கேட்டார்.

"எப்படி பாப்பா விட்டேன்? மேலயா, கீழயா?"

"ஒத்தையா வந்து அடிச்சாங்க மாமா."

"நான் வெளிய வரலியா?"

"வரலன்னுதான் எழுதியிருந்துச்சு."

"நான் வருவேனே," என்றார். வாளியைக் கவிழ்த்துவைத்துவிட்டுத் தன் காலைப் பார்த்தார். "ஒருவேள வரமாட்டேனோ என்னமோ. பனிக்குள்ளயும் அன்னைக்கு நிக்கத்தான செஞ்சேன். அந்தப் பொட்டிக்கு நம்ம மேல என்னா கோவம், உள்ளதச் சொல்லுது."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லாமல் வீட்டுக்கு ஓடினேன். அத்தை அன்றைக்கு என்னுடன் பேசவில்லை. அடுத்த நாளும் பேசவில்லை.

ஃபைனல் குருவிட்டைப் பக்கம் ஒரு ஸ்கூல் கிரவுண்டில். கொழுந்து லொறியில் சாக்கை விரித்து எல்லோரும் போனோம். நம்மில் மூன்று பேர் வழியெல்லாம் வாந்தி. மாமா ரிசர்வ் கீப்பராக வந்தார். உள்ளங்கையில் பால் தடவித்தான் வந்தார். கம்பெனி ஆட்கள் மூன்று பேர் பந்தலுக்குக் கீழே தம்பிலி இளநீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மாமா பெஞ்சில் உட்காரவில்லை. நம்ம கோலுக்குப் பின்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

முதல் பாதியில் அவர்களுடைய செண்டர் நம்ம ஆட்கள் இரண்டு பேரைத் தாண்டித் தனியாக வந்தான். பெக்டரி அண்ணன் கோட்டிலேயே ஒட்டிக்கொண்டு நின்றார். முன்னால் வந்திருந்தால் பிடித்திருக்கலாம். நான் மாமாவைப் பார்த்தேன். கையைக் கட்டியபடியே நின்றார், வாய் திறக்கவில்லை. கோல் விழுந்தது. பெக்டரி அண்ணன் பந்தை எடுக்க வலைக்குள் வந்தபோது மாமாவின் முகத்தைப் பார்க்காமல் குனிந்துகொண்டார். மாமாவும் வேறு எங்கோ பார்த்தார்.

இரண்டாம் பாதியில் டிரைவரண்ணன் இரண்டு கோல் போட்டார். ஒன்று முழங்காலில் பட்டுப் போனது, இன்னொன்றை எப்படிப் போட்டார் என்று இன்றுவரைக்கும் அவருக்கே தெரியாது. நாம் கத்தின கத்தலில் தொண்டை போனது. கடைசி ஐந்து நிமிஷம். திரும்ப அதே செண்டர், அதே மாதிரித் தனியாக. பெக்டரி அண்ணன் திரும்பவும் கோட்டில்.

"வெளிய வாடா! வா! காலுல விழுடா!"

என் காதுக்குப் பக்கத்தில் வெடித்தது அந்தக் குரல். பெக்டரி அண்ணன் யோசிக்கவே இல்லை, அந்தக் குரலைக் கேட்டுக் கேட்டுப் பழகினவர்தானே. பாய்ந்து முன்னால் போய் அவன் காலில் விழுந்தார். பந்து நெஞ்சில் பட்டு அங்கேயே நின்றது. அள்ளி அணைத்துக்கொண்டார். பந்தலிலிருந்து கம்பெனி ஆள் ஒருவர் எழுந்து நின்று சிங்களத்தில் "ஹரி ஷோக்!" என்று கை தட்டினார். லைன்ஸ்மன் ஓடிவந்து மாமாவிடம், "ஒதனின் யன்ன, ஒதனின் யன்ன" என்று அந்த இடத்தை விட்டு விரட்டினார். மாமா சரி மாத்தயா, சரி மாத்தயா என்று சொல்லிக்கொண்டு பின்னால் போனார். இரண்டுக்கு ஒன்று. கப் நமக்கு.

லொறியில் வரும்போது கணக்கப்பிள்ளை என் தலையில் கைவைத்து, "டவுன்லயும் பொய்க்கல, இங்கயும் பொய்க்கல. பொட்டின்னா பொட்டிதான் டீச்சர்!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நீங்களும்தான் சிரித்தீர்கள். மாமா லொறி மூலையில் உட்கார்ந்து கையிலிருந்த பால் தோலைத் தானே உரித்து வெளியே போட்டுக்கொண்டு வந்தார். யாரும் விரல் கேட்கவில்லை.

இரண்டு கிழமையில் பெக்டரி அண்ணனுக்குக் கடிதம் வந்தது. அவரிடம் உடுப்புக் கொண்டுபோக ஒரு பை இல்லை. புறப்படுகிற அன்று அத்தை அந்தச் சிவப்பு சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு மேல் டிவிஷனுக்கு ஏறிப் போய், அவர் வீட்டு வாசலில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தார். பிள்ளை லயத்தில்தான் பிறந்தது. இதையெல்லாம் அப்போது நாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். பார்த்தது என்ன என்று இப்போதுதான் புரிகிறது. இப்போது யோசித்தால் கணக்கப்பிள்ளை மேலும் எனக்குக் கோபம் வருவதில்லை. பாவம், தன் வாயால் சொல்லப் பயந்து ஒரு பெட்டியிடம் கேட்டார். பெட்டியும் தன் வாயால் சொல்லவில்லை, என் வாயால்தான் சொன்னது.

அடுத்த சித்திரையில் இடி விழுந்து கம்ப்யூட்டர் கருகியது. கிளாக்கர் மாற்றலாகிப் போனார். சீடியைக் கிளாக்கரம்மா போஞ்சிப் பந்தலில் கிளி விரட்டக் கட்டிவிட்டுப் போயிருந்தார், வெயில் பட்டால் பளிச்சென்று மின்னும். யாரோ அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார்கள். உங்களில் ஒருத்தராக இருக்கும்.

இனிமேல்தான் உங்களுக்குத் தெரியாதது. போன மாதம் மாமா இரத்தினபுரிக்குக் கண் ஆபரேஷனுக்கு வந்து என் வீட்டில் நாலு நாள் தங்கினார். ஐம்பதைத் தாண்டிவிட்டார், கழுத்து இன்னும் முளைக்கவில்லை. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஹோலில் உட்கார்ந்திருந்தார். என் மகன் பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு அதே மாதிரி ஒரு கேம், இப்போது படமெல்லாம் வருகிறது, புல்கூடத் தெரிகிறது. திடீரென்று போனைச் சோபாவில் எறிந்தான். "இருவது தடவ அடிச்சிட்டேன் தாத்தா, ஒண்ணு போகல! அவன் ஒரே ஒரு அடி, என் கீப்பர் பாத்துக்கிட்டே நிக்கிறான்! இப்படி ஒரு கீப்பர் ஒலகத்துல இருப்பானா?"

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். "இருக்கான்டா. ஒங்கம்மாக்கிட்ட கேளு, நாலு கோல் விட்டேன்," என்றார்.

இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகிறது, மனுஷன் அதை இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார். அதற்குமேல் என்னால் முடியவில்லை. மகனைக் கடைக்கு அனுப்பிவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். திரும்ப ஓட்டினது, பதினொரு பந்து, வேணாம் என்று நான் சொன்னது, டீச்சர் என்று கூப்பிட்டது, ஒன்று விடாமல். சொல்லி முடித்தபோது மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் அவர் கண் எந்தப் பக்கம் பார்த்தது என்று தெரியவில்லை. மேசையில் தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது. திட்டுங்க மாமா என்று சொன்னேன்.

"அன்னைக்கே சொல்லியிருந்தீன்னா நான் ஃபைனல்ல வாயத் தொறந்திருக்க மாட்டேன் பாப்பா," என்றார். "மொதக் கோலுக்கே வேணும்னுதான் பேசாம நின்னேன். அப்புறம் சரி, அந்தப் பொட்டி பொய் சொல்லாது, அவன்தான் நம்மளவிடக் கெட்டி, அவனாவது போகட்டும்னுதான் கத்தினேன். நீ சொல்லியிருந்தா ரெண்டாவதும் விழட்டும்னு கையக் கட்டிக்கிட்டுப் பாத்திருப்பேன்."

கையால் துழாவித் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டார்.

"அதச் செஞ்சுட்டு, இத்தன வருசம் நான் எப்படி பாப்பா இருந்திருக்கிறது?"